பெயர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்

ஏற்காட்டுக் குளிரில் ஏசியையும் போட்டுக்கொண்டு, அதற்கு ஸ்வெட்டர், காதை மூடி மப்ளர் என்று உட்கார்ந்து வேலை பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் கம்பெனிக்கு மலையில் நான்கைந்து காபி எஸ்டேட்டுகள் இருந்தன. ஊர் நடுவில் ஒண்டிக்கடை என்கிற நாற்சந்திக்குப் பக்கத்தில் ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, விற்றவர்கள் ஏசி இல்லாமல் அதை ஆன் செய்யவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சேலத்து வெயிலுக்காகச் சொன்ன விதி அது. மலைக்கும் அது பொருந்துமா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் ஜன்னலை அடைத்து ஏசி மாட்டினார். வெளியே பனிமூட்டம், உள்ளே அதைவிட மோசம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும்.

"கோயிலாட்டம் இருக்குதுங்க சார். என்ன, உள்ள இருக்கற சாமிதான் வெடவெடன்னு நடுங்குது" என்பார் அவர்.

பல வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்து தட்டச்சு மிஷினுக்கு உறை போட்டு மூடிய பிறகும் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் மேடம்தான். சொந்த ஊர் மலையிலேயே இருக்கும் வெள்ளக்கடை. கணவர் தவறிவிட்டார். ஒரே பெண்; பிறவியிலேயே காது கேட்காது. சேலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில், அங்கேயே விடுதியில் தங்கிப் படித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பஸ் பிடித்து இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் மேலே ஏறி வருவார். சேலத்தில் இருந்த எங்கள் தலைமை ஆபீசுக்கு மாற்றல் கிடைத்தால் பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அது ஒன்றுதான், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: தன்னால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்துவிட்டது என்று அவர் மனதில் விழுந்துவிட்டால் போதும், அதைச் சரிக்கட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை டூரிஸ்ட் குடும்பம் ஒன்று ஆபீஸ் வாசலில் நின்று வியூ பாயிண்டுக்கு வழி கேட்டது. இவர் ஏதோ ஞாபகத்தில் வலது பக்கம் கை காட்டிவிட்டார். அவர்கள் போனபிறகு, "அய்யோ, இடது பக்கமுங்க!" என்று எழுந்தவர், குடையைக்கூட எடுக்காமல் தூறலில் ஓடினார். திரும்பி வரும்போது சேலை முழங்கால் வரைக்கும் சேறு. ஆட்களைப் பிடித்துவிட்டீர்களா என்று கேட்டோம். "பிடிச்சு, பாதித் தூரம் கூடவே போயி உட்டுப்போட்டு வந்தேனுங்க. கூட ஒரு பெரியம்மா, முட்டிவலிக்காரங்க. எம்பேச்சைக் கேட்டு மேட்டுல ஏறியிருக்காங்க, பாவம்" என்றார். இன்னொரு முறை பஸ்ஸில் யாரோ ஒருவருடைய காலை இவர் மிதித்துவிட்டாராம். மறுநாள் அதே பஸ்ஸில் வலி தைலத்தோடு அந்த ஆளைத் தேடினார். மிதிபட்டவர் ஆளையே மறந்துபோயிருந்தார்.

நாங்கள் சிரிப்போம். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருப்பது சௌகரியமும்கூட. அந்தச் சௌகரியத்தை நான் எப்படி அனுபவித்தேன் என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துகிறது.

அவர் போடும் அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதற்குள்ளேயே கோடு இழுத்து, கட்டம் கட்டி, பெயரெல்லாம் இடது ஓரம், எண்ணெல்லாம் வலது ஓரம் என்று நிறுத்தி வைப்பார். பத்தியின் அகலம் போதவில்லை என்றால் எண்ணுக்குப் பதிலாக அந்த இடத்தில் வரிசையாக நட்சத்திரம் தெரியும். மேனேஜர் முதல் தடவை அதைப் பார்த்து மிஷின் கெட்டுவிட்டது என்று கத்தினார். "கெடலீங்க சார். உக்கார எடம் பத்தலைங்குது. கொஞ்சம் தள்ளி எடம் உட்டா வந்துருமுங்க" என்று அகலப்படுத்திக் காட்டினார். எண்கள் வந்து உட்கார்ந்தன.

அந்த வருடம் மாற்றல் நேரம். யாருக்கு எந்த எஸ்டேட் என்பதை மேனேஜர் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். நான் அப்போது ஆபீஸிலேயே கணக்கு எழுதும் ரைட்டர். சேலத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, அதை எனக்கென்று குறித்திருந்தார். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் டைப்பிஸ்ட் மேடத்தை அந்த வருடம் மலையைவிட்டு நகர்த்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு எங்களுக்கெல்லாம் பட்டியல் அடிக்க உட்கார்ந்தார்.

முதலாளிகள் மதியம் வருகிறார்கள். கடைசி நேரத்தில் மேனேஜர் எட்டிப் பார்த்து, பெயர்களை அகர வரிசைப்படி போடு, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றார். வரிசை மாற்றுவதற்கு முன்னால், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை மாற வேண்டும் என்று மிஷினுக்குக் காட்ட வேண்டும். அவசரத்தில் பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் இவர் காட்டிவிட்டார். பெயர்கள் எல்லாம் சமர்த்தாக இடம் மாறி அகர வரிசையில் நின்றன. பக்கத்துப் பத்தியில் இருந்த ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

யாரும் கவனிக்கவில்லை. கட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், ஜீப்பில் உத்தரவுகள் போய்விட்டன. எனக்கு வந்ததைப் பிரித்தால், மலையில் ஒதுங்கிக் கிடக்கும் வாழவந்தி எஸ்டேட். வாழவந்தியில் மிளகுக்கொடி வைத்துக்கொண்டு, அதை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று கெஞ்சியிருந்த கணக்கருக்குச் சேலம்.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்ததும் டைப்பிஸ்ட் மேடம் அழுதுகொண்டே மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் கதவைச் சாத்தினார். வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"சார், என் தப்புங்க. எனக்கு மெமோ குடுங்க. உத்தரவை மட்டும் மாத்திப் போடுங்க."

"மாத்தறதா? ஒவ்வொரு வருஷமும் நான் வேண்டியவன் வேண்டாதவன் பார்த்துப் போடறேன்னு சொல்றாங்களே, இந்தத் தடவை யாரு மூஞ்சியையும் பாக்காம கம்ப்யூட்டரே போட்டுச்சுன்னு முதலாளிங்ககிட்ட நேத்துத்தானே சொன்னேன்! இன்னைக்குப் போயி மிஷின் தப்புப் பண்ணிருச்சுன்னு சொல்லச் சொல்றியா? அந்த மிஷினை வாங்க வெச்சதே நானும்மா."

அவ்வளவுதான். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

காரணம் என் மாமனார். சேலத்தில் அவருக்குப் பாத்திரக் கடை. பிரசவத்துக்குப் போன என் மனைவியும் பிறந்த பையனும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்து அதே வீட்டில் தங்கி, ஆபீஸ் விட்டதும் கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் திட்டம். சேலம் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவின் வாசகம்கூட அவர் சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது என் மேல் எந்தப் பழியும் இல்லாமல் வாழவந்தி என் கையில் விழுந்திருந்தது. ஓட்டு வீட்டில் ஓர் அறை, வாசலில் சில்வர் ஓக் மரங்கள், கேள்வி கேட்க ஆள் இல்லை. மனைவியிடம், "நான் என்னம்மா செய்வேன், கம்ப்யூட்டர் பண்ணின கூத்து" என்றேன். பையனைப் பார்க்க ஏங்கவில்லையா என்றால், ஏங்கினேன். ஆனால் அந்த ஏக்கத்தைவிட மாமனாரின் கல்லாப்பெட்டி மீது இருந்த பயம் பெரிதாக இருந்தது.

இது எதுவும் டைப்பிஸ்ட் மேடத்துக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை, கைக்குழந்தைக்காரனைக் குடும்பத்திடமிருந்து பிரித்தது அவருடைய விரல்.

சரிக்கட்டத் தொடங்கினார். வாழவந்தி பஸ் கண்டக்டர் வாரம் தவறாமல் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுப்பார். ஆரஞ்சு, அந்தப் பருவம் போனால் பேரிக்காய், பிறகு பலாச்சுளை. எஸ்டேட்டிலிருந்து நான் அனுப்ப வேண்டிய காபிப்பழப் பறிப்பு ரிப்போர்ட்டைக் கிறுக்கி அனுப்பினால் போதும். அவரே அடித்து, வரிசைப்படுத்தி, கோடு போட்டு என் பெயரில் மேனேஜர் மேஜையில் வைத்துவிடுவார். 'ரிப்போர்ட்னா இப்படி இருக்கணும்' என்று மேனேஜர் என்னைப் பாராட்டியிருக்கிறார். நான் அடக்கமாகப் புன்னகை செய்தேன்.

எல்லாவற்றையும்விட, சனிக்கிழமைப் போன். நான் ஆபீசுக்கு வரும் சனிக்கிழமைகளில் மேடமே என் மாமனார் வீட்டுக்குப் போன் போட்டு வைத்திருப்பார். மேனேஜரிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி. நான் எதிலிருந்து தப்பித்து வாழவந்தி போனேனோ, அதையே வாரா வாரம் ரிசீவரில் வைத்துக் கையில் கொடுத்தார். நாங்கள் பேசும்போது கேட்கக்கூடாது என்று வராந்தாவில் போய் நிற்பார். பெரும்பாலும் மாமனார்தான் எடுத்து எவர்சில்வர் விலையைப் பற்றிப் பேசுவார். நான் 'ம்', 'ம்' என்பேன். வெளியே வரும்போது என் முகம் வாடித்தான் இருக்கும். அதைப் பார்த்து அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"அன்னிக்கு முழுசையும் காட்டியிருக்கோணுமுங்க சார். ஒரு ஆளை வரிசைல நகத்தினா அவரோட ஊடு, வாசல், புள்ளை எல்லாம் சேந்து நகரோணும். நா பேரை மட்டும் நகத்திப்போட்டேன். பேரு ஒரு பக்கம், ஊரு ஒரு பக்கம்னு ஆயிருச்சு."

"பரவாயில்லைங்க மேடம்" என்று பெருமூச்சு விடுவேன். அந்தப் பெருமூச்சு எனக்கு நன்றாக வந்தது.

போனில் லைன் கிடைக்கக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை தன் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் ஜாடைகள் போதாமல் அந்தப் பெண் தானாகவே சில ஜாடைகளை உண்டாக்கி வைத்திருந்ததாம். 'ஏற்காடு பஸ்'ஸுக்கு என்ன ஜாடை தெரியுமா என்று கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலை முழங்கையில் வைத்து, வளைத்து வளைத்து மணிக்கட்டுவரை இறக்கினார். மலையின் கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கட்டில் வந்து நின்றால் அம்மா வந்துவிட்டாள். பிறகு விரல் அதே வழியில் வளைந்து வளைந்து முழங்கைக்கு ஏறிவிட்டால் அம்மா போய்விட்டாள்.

"ஏறிப் போறத மட்டும் அவ செய்யவே மாட்டாளுங்க. அதை நாந்தான் செஞ்சு காட்டோணும்" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் மாற்றல் நேரம் வந்தது. போன வருடம் சேலத்துக்குப் போன மிளகுக்கொடிக் கணக்கர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் காலி. இதற்குள் ஆபீசில் ஒரு பெண்ணுக்கு டைப்பிஸ்ட் மேடமே கம்ப்யூட்டர் பழக்கிவிட்டிருந்தார். இனி அவரை விடுவிக்கத் தடை இல்லை. இந்த முறை சேலம் கேட்டவர்களில் சர்வீஸ் கூடியவருக்கே இடம் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். அந்தக் கணக்கில் அவர் முதலாவது. மாமனார் தயவால் மறுபடி மனு கொடுத்திருந்த நான் இரண்டாவது. எனக்கு நிம்மதி. அவருக்குப் பெண்ணும் கிடைக்கும், எனக்கு வாழவந்தியும் நிலைக்கும். கடவுள் இருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

பட்டியல் போடும் அன்று என்னை ஏசி அறைக்குக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"பாருங்க சார். ஒவ்வொரு பேரா உங்களை வெச்சே சரி பாக்கோணும்னு கூப்புட்டேன். இந்தத் தடவை பேரும் ஊரும் சேந்தே நகந்திருக்குது."

திரையில் முதல் பெயர் என்னுடையது. நேராகச் சேலம். மேலிருந்து கீழ்வரை இருமுறை பார்த்தேன்.

"உங்க பேர் எங்கேங்க மேடம்?"

"எடுத்துப்போட்டேனுங்க. எனக்கு வேண்டாமுன்னு மேனேஜர் சார்கிட்டயும் காலையில சொல்லிட்டேன்."

"பாப்பா?"

"அவளுக்கு நா ஞாயித்துக்கெழமை வாறது பழகிப்போச்சு. உங்க பையன் போன வாரம் போனுல அப்பான்னு சொன்னானே, நா வராந்தாவுல நின்னுட்டிருந்தேனுங்க சார். உங்க குரலே மாறிப்போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஊட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேனுங்க. உங்க மாமனார்தான் எடுத்தாரு. நொம்ப சந்தோஷம் அவருக்கு."

அன்று என் குரல் மாறியது உண்மைதான். அதை மட்டும் நான் நடிக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

சொல்லாதே என்று அவர் சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. மேனேஜர் வெள்ளக்கடை எஸ்டேட்டுக்குப் போயிருந்தார், மாலையில் வந்துதான் கையெழுத்து. நேரம் இருந்தது. நான் ஒண்டிக்கடைக்கு நடந்து போய் டீ வாங்கி, ஆறவிட்டுக் குடித்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: எனக்குச் சேலம் வேண்டாம், முதலிலேயே வேண்டாம். அதைச் சொன்னால் ஒரு வருடத்து ஆரஞ்சுக்கும் பெருமூச்சுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மனைவியிடம் அதைவிடப் பெரிய பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவது என்றுதான் திரும்பினேன், நிஜமாகவே.

வாசலுக்கு வரும்போதே பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே டைப்பிஸ்ட் மேடம் மப்ளரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அந்தப் புதுப் பெண்ணிடம் போன வருடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகுக்கொடிக்காரர் சேலத்துக்குப் போன கதை. சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி அவர் அழுது பார்த்திருக்கிறேன், சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"என்னுங்க சார்?" என்று திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்லைங்க மேடம். டீ சொல்லட்டுமான்னு கேக்க வந்தேன்."

டீ வந்தது. குடித்தோம். மாலையில் மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டார்.

சேலத்தில் நான் பயந்தது எதுவும் பெரிதாக நடக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்காருவது பழகிவிட்டது. மாமனார் சத்தம் போடுவாரே தவிர நல்ல மனிதர். பையன் என் மேல் ஏறி விளையாடினான். சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம், அதுதான் மேலும் உறுத்தியது. வேண்டாம் என்று நான் பயந்து ஓடிய ஒன்று, அதையே உயிராக விரும்பிய ஒருவரிடமிருந்து எனக்கு வந்து, எனக்குப் பிடித்தும் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தேன். ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"சார்! ஏனுங்க, இதுதான் உங்க பையனா? வா கண்ணு, வா சாமி!" என்று பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி என்னைக் காட்டி, இரண்டு கை விரல்களைத் தள்ளித் தள்ளி வைத்து, மெல்ல நகர்த்திச் சேர்த்துக் காட்டினார். இவர்தான் அந்த சார், பிரிந்திருந்தார், இப்போது சேர்ந்துவிட்டார். பெண் என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தது. முறைப்பு இல்லை, வெறுமனே பார்த்தது.

பிறகு அது தன் அம்மாவின் கையைப் பிடித்து நீட்டியது. தன் விரலை அவர் முழங்கையில் வைத்து, வளைத்து வளைத்து இறக்கியது. மணிக்கட்டில் நிறுத்தாமல் உள்ளங்கைவரை கொண்டுவந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் விரலை உள்ளே வைத்து மூடியது. அப்படியே பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"என்ன கேக்குதுங்க பாப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க சார். பஸ் எப்பன்னு கேக்கறா."

அந்த ஜாடையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மறந்திருப்பார். இறங்கி வந்த விரல் திரும்ப ஏறவே இல்லை. ஏற்காடு பஸ் வந்து திரும்பியது. கூட்டம் அதை நோக்கி ஓடியது. பையனை அவர் இடுப்பில் கொடுத்துவிட்டு, எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாக என் கைக்குட்டையைப் போட்டு அவருக்கு இடம் பிடித்தேன்.